மூத்த ஆல்பம்

கேள்வி: ட்ரீம் தியேட்டர் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை யாருமே பெரிதாகப் பேசுவதில்லையே, கேட்கலாமா?

பதில்: தாராளமாக! 1989-இல் வந்த ‘வென் ட்ரீம் அண்ட் டே யுனைட்’ ஒலிப்பதிவில் நோஞ்சான், வாசிப்பில் சூரப்புலி. பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஒன்றுசேர்ந்த பையன்கள் முதலில் ‘மெஜஸ்டி’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். இன்னொரு குழு அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடவே, விட வேண்டியதாயிற்று. விட்டார்களா? அதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கி, பாடலே இல்லாத ஓர் இசைத் துண்டுக்கு ‘யிட்ஸி ஜாம்’ என்று சூட்டிவிட்டார்கள்! அதில் ஜான் மையுங் பேஸ் கிட்டாரில் தனியாக வாசிக்கும் இடம் ஒன்றே போதும், கொடுத்த காசு செரித்துவிடும். பாடகர் சார்லி டொமினிசிக்கு இந்தக் குழுவில் இது ஒரே ஆல்பம். அவர் இடத்துக்கு ஜேம்ஸ் லாப்ரி வந்தார். 1992-இல் இரண்டாவது ஆல்பம் சக்கைப்போடு போட்டது. மூத்தது மறந்துபோனது அநியாயம். ஹெட்போன் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.