கிளிக் கூட்டமும் கண்டிப் பெரஹராவும்

ஆங்கிலேயர் 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிடித்தபோது தங்கள் மொழியையும் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் வெளிச்சத்துக்கென்று குளோ என்ற பெரியண்ணனும், அவர் பின்னால் கிளீம், கிளிம்மர், கிளிட்டர், கிளிஸன் என்று ஒரு கிளிக் கூட்டமும் இருந்தன. அகராதியைப் புரட்டினால் அத்தனைக்கும் 'ஒளிர், மின்னு' என்று ஒரே கஷாயம். பிள்ளைகள் பாடமாக்கிவிட்டுப் பரீட்சையில் மாற்றிப் போடுவதில் வியப்பென்ன? அகராதியைவிடக் கண்டியின் எசல பெரஹரா ஊர்வலம் நல்ல வாத்தியார் என்பது என் கட்சி. பந்தம் பிடிப்பவர்கள் எரிப்பது கொப்பரா. சுவாலை ஆடும்வரை பிளிக்கர். அடங்கிக் கனல் மட்டும் நின்றால் குளோ. குளோவுக்குச் சொந்த வெளிச்சம் உண்டு, கிளிகளில் பல கடன் வாங்கிப் பிழைப்பவை. வெஸ் நடனக்காரரின் வெள்ளி அணிகள் பந்த வெளிச்சத்தை வாங்கி, அவர் துள்ளத் துள்ளச் சில்லறையாக இறைப்பது கிளிட்டர். அதே ஆளின் வியர்த்த தோள் கிளிஸன், அதற்கு ஈரம் வேண்டும். 1987இல் தலதா மாளிகைக்கு மேல் அமைத்த பொற்கூரை அசையாமல் வழுவழுப்பாய் நிற்பதால் கிளீம். ஹந்தானைப் பனிமூட்டத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு லயத்து விளக்கு, கிளிம்மர். யானைமீது மின்குமிழ் பூட்டிய போர்வை மட்டும் சிக்கல். சொந்தமா கடனா என்று பற்றரியைத்தான் கேட்க வேண்டும்.

'மின்னு என்ற ஒன்றே நமக்குப் போதாதா?' என்பார்கள். நமக்கே போதவில்லையே! துலக்கிய குத்துவிளக்கு பளபளக்கும், தணல் தகதகக்கும், எண்ணெய் தேய்த்த உடம்பு மினுமினுக்கும், மின்மினி மினுக் மினுக்கென்னும். தணல் பளபளக்கிறது என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள். இலக்கணம் இவற்றை இரட்டைக்கிளவி என்று ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்திருக்கிறது. அகராதிக்காரர் அந்த மூலையை எட்டிப் பார்த்திருந்தால் பாதி வில்லங்கம் தீர்ந்திருக்கும். 'ஆங்கிலேயரே குழப்புகிறார்களே' என்பது இன்னொரு வாதம். உண்மைதான்: 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்ற பழமொழிக்கு கிளிஸ்டர் என்ற சொல்லைப் போட்டார், பின்னால் வந்தவர்கள் அதைக் கிளிட்டர் ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்த மாற்றத்தால் பழி முழுவதும் கிளிட்டர் தலையில் விழுந்து, சொல்லில் பகட்டு வாடை ஏறிவிட்டது. சுற்றுலாப் பிரசுரத்தில் மாளிகைக் கூரையைக் கிளிட்டர் என்று எழுதினால், தகரமோ என்று வெள்ளைக்காரர் தட்டிப் பார்க்கக்கூடும். ஆளின் கண்ணுக்கும் இதே கணக்குத்தான்: கிளிஸன் என்றால் கைக்குட்டை நீட்டலாம், கிளீம் என்றால் பணப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.