மக்காச்சோளக் காட்டில் மேல்படிப்பு

அர்பானா, இல்லினாய்,
மார்ச் 2025.

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் பேத்தி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீ, அம்மா, அப்பா, தம்பி, மொட்டை மாடித் துளசி, தண்ணீர் வராத குழாய் எல்லாம் நலமா?

வீடியோ காலில் பேசினால், "மூஞ்சி தெரியுது, பேச்சு கேக்கல. காகிதத்துல எழுதிப் போடுடி" என்று உத்தரவு போட்டாய். போட்டுவிட்டேன். தினத்தந்தித் தலைப்புகளை விரல் வைத்துப் படிக்கச் சொல்லித்தானே எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தாய்? அதனால் கடிதத்தில் எங்காவது 'பரபரப்பு', 'அதிரடி' என்று வந்தால் பழி உன்னைச் சேரும்.

முதலில் நீ தெருவில் பரப்பி வைத்திருக்கும் செய்திக்கு ஒரு மறுப்பு. "எம் பேத்தி சிகாகோவுல இருக்கா" என்று கேம்பிரிட்ஜ் ரோடு பூக்காரம்மா வரைக்கும் சொல்லியிருக்கிறாயாம். நான் சிகாகோவில் இல்லை. சிகாகோவில் இறங்கி, பஸ் ஏறி, தெற்கே மூன்று மணி நேரம் வந்தால் என் ஊர். அந்த மூன்று மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே ஒரே காட்சிதான். அறுப்பு முடிந்து பனி மூடிக் கிடந்த நிலம். ஒரு மேடு கிடையாது, ஒரு பாறை கிடையாது. கிருஷ்ணகிரிக்குப் போகும்போது மலைக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டே வருவாயே, இந்த வழியில் வந்திருந்தால் உனக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

சாம்பெய்ன், அர்பானா என்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊர்கள். 2020 கணக்கெடுப்பில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றேகால் லட்சம் ஜனம். இங்கே நான் படிக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையே அதில் பாதியை நெருங்குகிறது. ஊர் எல்லை தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான். கோடி ஜனம் நெருக்கியடிக்கும் பட்டணத்திலிருந்து கிளம்பி நான் வந்து சேர்ந்திருப்பது பட்டிக்காட்டுக்கு, ஆயா. தாத்தாவுக்குப் பெங்களூர் ஹெச்.ஏ.எல். விமான ஃபேக்டரியில் வேலை கிடைத்தது என்று நீ கேழ்வரகுக் கொல்லையை விட்டுவிட்டு ஜோகுபாளையத்துக்கு வந்தாய். மண்ணில் கை வைப்பது என்னோடு போகட்டும் என்று அப்பாவைப் படிக்க வைத்தாய். அப்பா என்னைப் படிக்க வைத்தார். நானும் படித்துப் படித்து, விமானம் மாறி மாறி ஏறி, கடைசியில் கொல்லை மேட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டேன்.

தாத்தாவின் ஃபேக்டரிக்கு இந்த ஊரில் ஒரு கிளை இருப்பது உனக்குத் தெரியுமா? 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற சினிமாவில், ஹெச்.ஏ.எல். என்ற கம்ப்யூட்டர் தான் பிறந்த இடத்தைச் சொல்லும். அர்பானா, இல்லினாய், ஹெச்.ஏ.எல். ஆலை! அந்தக் கம்ப்யூட்டர் கூட வந்தவர்களைக் கொல்லப் பார்க்கும் வில்லன் என்பதை மட்டும் தாத்தாவின் பழைய சிநேகிதர்களிடம் சொல்லிவிடாதே.

"எக்ஸ்சேஞ்சுன்னா என்ன, எவன் காசு?" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி துளைக்கிறாராம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோமே, அதுதான் என்று சொல். இவர்கள் பிள்ளை ஒன்று நம் காலேஜுக்கு வரும், நம் பிள்ளை ஒன்று இங்கே வரும். படிப்புக்கான ஃபீஸை அவரவர் தாய்வீட்டிலேயே கட்டிவிட வேண்டும். தங்க, தின்ன, இன்ஷூரன்ஸுக்கு மட்டும் இங்கே கட்டணம். அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் அப்பாவின் பி.எஃப். கரைந்துகொண்டிருக்கிறது. நான் வந்திருப்பது ஜே-1 விசாவில். இந்தப் பரிவர்த்தனைக்கென்று அமெரிக்காக்காரர்கள் 1961-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வந்து பார், பழகு, ஊர் திரும்பு என்பதுதான் அதன் சாரம். நான் ஒரு வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிடுவேனோ என்று நீ கவலைப்படுகிறாய் அல்லவா? அந்தக் கவலையை அமெரிக்க சர்க்கார் உனக்கு முன்னாலேயே பட்டு முடித்துவிட்டது.

குளிரைப் பற்றி ஒரு வரி போதும். பெங்களூரில் 15 டிகிரி என்றால் அப்பா மங்கி கேப் போடுவார். ஜனவரியில் இங்கேயும் அதே 15தான், முன்னால் ஒரு மைனஸ் உண்டு.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். வளாகத்தின் நடுவில், பெரிய லைப்ரரிக்குப் பக்கத்தில், வேலி போட்ட சின்ன வயல் ஒன்று இருக்கிறது. பெயர் மாரோ பிளாட்ஸ். 1876-ல் ஆரம்பித்த சோதனைக் கொல்லை, தேசிய நினைவுச் சின்னம். நான் ஆசையாகப் போய்ப் பார்த்த அன்று, தேசிய நினைவுச் சின்னத்தில் பனியும் இரண்டு அணில்களும் மட்டுமே இருந்தன. இதில் ஒரு துண்டில் 1876-லிருந்து வருஷா வருஷம் மக்காச்சோளம், மறுபடி மக்காச்சோளம், மறுபடியும் மக்காச்சோளம். பக்கத்துத் துண்டுகளில் சோயா, ஓட்ஸ், தீவனப் பயறு என்று மாற்றி மாற்றி விதைக்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கவனித்து என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? உரம் போடாமல் ஒரே பயிரை வைத்துக்கொண்டிருந்தால் விளைச்சல் விழுந்துவிடுகிறது, பயிரை மாற்றினால் மண் தாங்குகிறது! உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஒன்று, நீ சொல்லியிருந்தால் அது கிழவி பேச்சு. இவர்கள் வருஷா வருஷம் எழுதி வைத்ததால் அது விஞ்ஞானம். நம் வீட்டில் நீ எத்தனை மூட்டை எடுத்தாய் என்பதற்கு உன் வாயைத் தவிர வேறு கணக்கு ஏது? அதுவும் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மூட்டை ஏறுகிறது.

அந்த வயலுக்குப் பக்கத்தில் 1969-ல் பிள்ளைகளுக்கென்று இன்னொரு லைப்ரரி கட்டினார்கள். எங்கே? பூமிக்கு அடியில். மேலே கட்டிடம் எழுப்பினால் சோளத்தின் மேல் நிழல் விழும், நூறு வருஷச் சோதனை கெட்டுப்போகும் என்று காரணம் சொல்கிறார்கள். இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நம் ஊர் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. தர்மாம்புதி ஏரியில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டைக் கட்டினோம். சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியத்தைக் கட்டினோம். அல்சூர் ஏரி ஏதோ பூர்வ புண்ணியத்தில் தப்பித்து நிற்கிறது. நான்கு வரிசைச் சோளத்துக்காக இங்கே புஸ்தகங்களைப் பாதாளத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜே-1 விசாவில் வந்தவர்கள் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டாவது எடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டர் பாடங்கள் போக எனக்கு இன்னொன்று தேவைப்பட்டது. என் நேரத்துக்கு ஒத்துவந்தது மண்ணைப் பற்றிய ஒரு பாடம். அப்பாவிடம் 'டேட்டா சம்பந்தப்பட்டது' என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். வகுப்பில் வாத்தியார் முதல் நாளே, "விவசாயக் குடும்பத்திலிருந்து யாராவது உண்டா?" என்று கேட்டார். அரை வகுப்பு கை தூக்கியது. நானும் தூக்கினேன், உன் பெயரில். வாத்தியாரை இங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. 'சார்' என்று அழைத்தால் அவர் பின்னால் திரும்பி யாரென்று தேடுகிறார்.

செய்முறை வகுப்பில் ஈர மண்ணை உள்ளங்கையில் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடாவாக நீட்ட வேண்டும். நாடா உடையாமல் எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு களிமண். மொட்டை மாடித் தொட்டிக்கு லோடு மண் இறக்கினால் நீ செய்வதும் இதேதானே? அப்புறம் நிறம் பார்க்க மன்செல் என்று ஒரு புத்தகம், பக்கம் பக்கமாக நிறச் சில்லுகள் ஒட்டியது. இந்த ஊர் மண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கன்னங்கறுப்பு. ஆயிரக்கணக்கான வருஷமாகப் புல் முளைத்து, செத்து, மக்கிச் சேர்ந்த கறுப்பு. நம் செம்மண்ணையும் இதில் வைத்துப் பார்க்க ஆசை. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பிடி வெளிநாட்டு மண்ணைக்கூட இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் அம்மாவின் பார்சலில் வேலையைக் காட்டாதே. புளிக்காய்ச்சல் போதும்.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கறுப்பு நிலம் முன்பு பெரும்பாலும் சதுப்பாகக் கிடந்ததாம். பூமிக்குள் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்த பிறகுதான் உழவே முடிந்திருக்கிறது. இன்றைக்கும் அடியில் குழாய்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் தண்ணீர் வருவதற்கு ஆயிரம் அடி போர் போடுகிறோம், இவர்கள் தண்ணீர் போவதற்குக் குழாய் போடுகிறார்கள். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கும் நேரத்தில் இதை யாரிடமும் சொல்லாதே, அடிக்க வருவார்கள்.

போன வாரம் லீவு. என் அறைத்தோழி அவள் ஊருக்குக் கூட்டிப்போனாள். அவள் அப்பா விவசாயி. ரோடுகள் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டது மாதிரி நேராக வெட்டிக்கொள்கின்றன. ஒரு கட்டம் 640 ஏக்கர். இவர்கள் வீட்டுக்கு அப்படி இரண்டு கட்டத்துக்கு மேல் இருக்கிறது, உழைப்பது அவள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும். நடவாள் இல்லை, களை எடுக்க ஆள் இல்லை, கூலித் தகராறு இல்லை, கொல்லைக்குக் கூழ் கொண்டு போகவும் ஆள் இல்லை. அறுப்பு மெஷினுக்குள் ஏறிப் பார்த்தேன். ஏ.சி., ரேடியோ, மூன்று டி.வி. திரை. ஸ்டியரிங்கை சாட்டிலைட் பிடித்துக்கொள்ளுமாம், அவர் சும்மா உட்கார்ந்து வருவாராம். அடுத்த வீடு அரை மைல் தள்ளி. நம் வீட்டுக் குக்கர் விசிலை எதிர்வீட்டு ஆன்ட்டி எண்ணி, "மூணு ஆச்சு, அணைங்க" என்று குரல் கொடுப்பாரே, அந்த வசதி இங்கே யாருக்கும் இல்லை.

ஏக்கருக்கு 200 புஷலுக்கு மேல் எடுக்கிறேன் என்றார் தோழியின் அப்பா. ஒரு புஷல் மக்காச்சோளம் 25 கிலோ சொச்சம், ஆக ஏக்கருக்கு ஐந்து டன். "எங்க ஆயா கேழ்வரகு பத்து மூட்டை எடுத்தவங்க" என்று நானும் விடவில்லை. ஆனால் இவ்வளவு விளைத்தும் அதில் ஒரு கதிரைச் சுட்டுத் தின்ன முடியாது. நாம் ஏரிக்கரையில் எலுமிச்சையும் மிளகாய்த் தூளும் தடவிக் கடிப்பது வேறு ஜாதி. இது கல் மாதிரி. பெரும்பகுதி மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் போகிறது. வீட்டில் சமைக்கக் காய்கறியை சூப்பர் மார்க்கெட்டிலிருந்துதான் வாங்கிவருகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் வைத்துக்கொண்டு ஒரு கொத்து கொத்தமல்லி இல்லாத வீடு!

அங்கே ஒரு பாட்டி இருக்கிறார். உன் வயசு, உன் வாய். உட்கார்ந்த உடனே அப்பாவுக்கு என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், கல்யாணத்துக்கு ஏதாவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். அமெரிக்காவில் சொந்த விஷயம் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னவன் யாரோ, அவனை இந்தப் பாட்டியிடம் அனுப்ப வேண்டும். நான் இந்தியக் கடையில் ராகி மாவு வாங்கிப் போயிருந்தேன். களி கிண்டி, சாம்பாரோடு வைத்தேன். மெல்லாமல் முழுங்க வேண்டும் என்று சொன்னதும் எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பாட்டி மட்டும் இரண்டாவது உருண்டை கேட்டார்.

தம்பிக்கு ஒரு செய்தி. யூடியூபை ஆரம்பித்த மூவரில் இரண்டு பேர் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அவர்களில் ஒருவர் படிப்பை முடிக்கும் முன்னாலேயே கம்பெனி வேலைக்குப் போனவர் என்பதை அவன் காதில் போடாதே. சோமேசுவரர் கோயில் பூப்பல்லக்கு ஏப்ரலில் வருமே, அதை முழுசாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல். பல்லக்கில் சரம் சரமாக மின்னும் சின்ன விளக்குகளைப் பார்த்தால் எனக்காக ஒரு கும்பிடு போடு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-ல் முதலில் செய்த நிக் ஹோலோனியாக் இங்கே படித்து, இங்கேயே வாத்தியாராக இருந்தவர்.

இனி முக்கியமான விஷயம். கேழ்வரகுக் கொல்லையில் நடுநடுவே அக்கடிச் சால் விட்டு அவரை போடுவாயே, அதைப் பற்றி அறைத்தோழியின் அப்பாவிடம் உளறிவிட்டேன். மனிதர் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை சாலுக்கு ஒரு சால் அவரை? இரண்டையும் ஒரே நாளில் விதைப்பாயா, தள்ளியா? அவரைக் கொடி கேழ்வரகை அமுக்காதா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆயாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் ஒதுக்கி வைத்திருக்கிறாராம். ஏப்ரல் கடைசியில் இங்கே விதைப்பு தொடங்கிவிடும். அதனால் இந்தக் கடிதத்துக்கு மட்டும் காகிதத்தில் பதில் போடாதே. தம்பியை உட்கார வைத்து, நீ சொல்லச் சொல்ல வாட்ஸ்அப்பில் அடிக்கச் சொல். சாண், முழம் என்று சொல்லாமல் இஞ்சில் சொல். மூட்டைக் கணக்கை மட்டும் கூட்டாமல் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புப் பேத்தி