தண்ணி காட்டும் கோழிகள்

கேரளத்தின் ஏலூர் உரத் தொழிற்சாலையான ஃபாக்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பக்கத்திலேயே ஆலுவாவில் வீடு கட்டிக்கொண்ட தமிழர்களில் ஒரு வகை உண்டு. சேஷசாயி சகோதரர்கள் 1943-இல் தொடங்கிய ஃபாக்டில் 1947-இல் அம்மோனியம் சல்பேட் தயாராக ஆரம்பித்தது. அந்தப் பக்கம் தமிழ் முகங்களுக்குப் பஞ்சமில்லை. ஓய்வுக்குப் பின் இவர்கள் கோயில் கமிட்டியில் சேர்வார்கள். அங்கே இடம் கிடைக்காதவர் கோழி வளர்ப்பார்.

கோழி என்றால் ஆறே ஆறு. பி.வி.380, ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் என்று பெயர் வாங்கிய ஜாதி. முட்டையெல்லாம் வீட்டம்மாள் பாடு. நம்மவருக்குத் தண்ணீர்க் குழாய்தான் உயிர். "ஒரு சட்டியில ஊத்தி வைக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "சட்டியா? மேலே ஏறி நிற்கும், எச்சம் போடும். அப்புறம் ரத்தக்கழிச்சல் வந்தா நீங்களா பார்ப்பீங்க?"

ஆகவே அரை அங்குல பிவிசி பைப், அதில் கோழிக்கு ஒன்றாக, கொத்தினால் தண்ணீர் சொட்டும் ஆறு சிவப்பு நிப்பிள், மேலே இருபது லிட்டர் பக்கெட். ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும். ஆறுக்கும் ஒன்றரை லிட்டர். மிச்சம் பதினெட்டரை? "ரிசர்வ்."

திங்கட்கிழமை காலை ஷட்-டவுன். அன்று அவரிடம் ரேஷன் கடைக்குப் போகச் சொல்லக் கூடாது. எண்ட் கேப்பைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரை விட்டு அலசி, ஒவ்வொரு நிப்பிளின் எஃகு ஊசியையும் விரல் நுனியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். செம்பாறைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். துருச் சேறு ஊசியில் ஒட்டிக்கொள்ளும். மணல் துணுக்கு ஒன்று சிக்கினாலும் ராவெல்லாம் சொட்டும், கூட்டின் அடியில் ஈரம் சேரும். இதில் அவர் சொல்வதெல்லாம் சரிதான், அதுதான் வீட்டாருக்குக் கஷ்டம்.

பக்கெட்டில் பாசி பிடித்தது. கறுப்புப் பெயின்ட் அடித்தார். பாசி போயிற்று, மார்ச் வெயிலில் தண்ணீர் கொதித்தது. சூடான தண்ணீரைக் கோழி தொடாது, தண்ணீர் குறைந்தால் முட்டையும் குறையும். உடனே ஈரச் சாக்கு சுற்றப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சாரே, இது கோழிக்கூடோ, ஃபாக்டரியோ?" என்றார். நம்மவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கோழிகளுக்கு லசோட்டா தடுப்பு மருந்து கொடுக்கும் நாள் வேறு வகை. குளோரின் பட்டால் தடுப்பு மருந்து செத்துவிடும் என்பதால் வாட்டர் அத்தாரிட்டி தண்ணீருக்குக் கூட்டின் பக்கம் அனுமதியில்லை. கிணற்றுத் தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, மருந்தை விட்டு, தாகம் எடுக்கக் கோழிகளை முன்கூட்டியே காயப்போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். அன்று வீட்டில் காப்பி தாமதமாகத்தான் கிடைக்கும்.

சாயங்காலம் கூட்டைத் திறந்துவிடுவார். ஆறும் சிவப்பு நிப்பிளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணி துவைக்கிற கல்லடிக்கு ஓடும். அங்கே தேங்கி நிற்கிற சோப்புத் தண்ணீரை அலகில் முகந்து, தலையைத் தூக்கித் தூக்கி ரசித்துக் குடிக்கும். நேற்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று உள்ளே போய் அளவு டேப்பை எடுத்துவந்தார்.

"என்னங்க," என்றாள் மனைவி, "அந்தக் கல்லையாவது விட்டு வையுங்க."