மீனாட்சிக்குத்தான் கண்ணு மூடாது

ஏண்டா அப்பு, சொல்றேன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. மதுரையைக் காவல் காக்க மீனாட்சின்னு ஒருத்தி இருக்கா. மீனுக்கு இமை கிடையாதுல்ல, அதனால அவளும் ராப்பகலாக் கண்ணு மூடாம ஊரைப் பாத்துக்கிட்டே இருக்கான்னு சொல்லுவாக. அந்த வேலைக்கு எப்பவோ ஆள் போட்டாச்சு. நீ எதுக்குடா சம்பளமில்லாம நைட் ஷிப்ட் பாக்குற?

நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சவ பாத்தேன். கொறட்டை ஓட்டைப் பிரிக்குது, கண்ணு மட்டும் முக்காலே மூணு வீசந்தான் மூடியிருக்கு. ரெண்டு இமைக்கும் நடுவுல நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, சாமி வெளக்கு வெளிச்சத்துல பளபளங்குது. முழிச்சுத்தான் கிடக்கியோன்னு சந்தேகம். "அப்பு, மேலக்காட்டை உன் தங்கச்சி பேருக்கு எழுதிரவா?"ன்னு கேட்டுப் பாத்தேன். பதிலே இல்ல. சரி, நெசத் தூக்கந்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

விடிஞ்சதும் செக்கச்செவேல்னு கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து, "மண்ணை அள்ளிப் போட்டாப்புல உறுத்துது, உன் வீட்டுல ஒரே தூசி"ங்கிற. சென்னையில ஏசி ரூமுக்குள்ள படுத்தாலும் காலையில இதே பாட்டுத்தான்னு உன் பொண்டாட்டி சொல்லிப்புட்டா. அங்கயும் என் வீட்டுத் தூசி பஸ் ஏறி வந்துச்சாக்கும்?

உக்காந்து கேளு. கண்ணு மேல எப்பவும் ஒரு ஈரப் படலம் இருக்கும். வெறும் தண்ணின்னு நெனச்சுக்காத. அடியில கண்ணோட ஒட்டிக்கிட்டு வழவழன்னு ஒண்ணு, நடுவுல தண்ணி, மேலாக்க எண்ணெய். மீன் கொழம்பை எறக்கி வெச்சா எண்ணெய் மெதந்து நிக்கும்ல, அப்படி. அந்த எண்ணெய் இமை விளிம்புல வரிசையா இருக்குற சுரப்பியிலருந்து வருது. மேல் இமையில மட்டும் 25, 30 இருக்குமாம். எண்ணெய் மேல நிக்கிற வரைக்கும் தண்ணி சீக்கிரம் ஆவியாகாது. ஒவ்வொரு தடவை இமைக்கிறப்பவும் மூணும் புதுசாப் பூசிக்கும்.

பகல்ல சும்மா இருக்குற மனுசன் நிமிசத்துக்கு ஒரு 15 தடவை இமைப்பான். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா அதுல பாதி தேறாது, இமைக்கிறதும் அரைகுறை. தமயந்தி சுயம்வர நாடகம் பாத்திருக்கியா? அஞ்சு நளன் வரிசையா உக்காந்திருப்பான். கண்ணு இமைக்கிறவன்தான் மனுசன், மத்த நாலும் தேவலோகத்து ஆளுகன்னு கண்டுபிடிச்சு அவ மாலையைப் போடுவா. நல்லவேளை, நீ லேப்டாப்போட அந்தச் சபையில போயி உக்காரல. பிரம்மச்சாரியாவே ஊர் திரும்பியிருப்ப.

ராத்திரி கதை வேற. தூங்குறப்ப கண்ணுல தண்ணி ஊறுறது ரொம்பக் கொறைஞ்சு போகும். இமை மூடிக் காப்பாத்தும்ங்கிற தைரியம் அதுக்கு. நீ மூடாம விட்டா? கருவிழி பாவம், தப்பிக்கிறதுக்காக மேல் பக்கமா உருண்டு போயி ஒளிஞ்சுக்கும். அதான் எனக்கு வெறும் வெள்ளை தெரிஞ்சது. எல்லாருக்கும் அப்படி முழுசா ஒளியத் தெரியாது. சில பேருக்குக் கருவிழியோட கீழ்ப் பக்கம் வெளிய மாட்டிக்கும். விடிய விடியக் காத்துப் பட்டு அந்த இடந்தான் காஞ்சு பொறுபொறுன்னு ஆயிரும். கண் டாக்டர்கிட்டப் போனா மஞ்சச் சாயம் தோய்ச்ச ஒரு தாளைக் கீழ் இமைக்குள்ள தொட்டு வெச்சு, நீல லைட்டு அடிச்சுப் பாப்பாரு. காஞ்சு கெட்ட இடம் பச்சையா மின்னும். கீழ மட்டும் பட்டை போட்டாப்புல மின்னுச்சுன்னா, ராத்திரி நீ பண்ற வேலை அம்பலமாயிரும்.

இதெல்லாம் இந்தக் கிழவிக்கு யாரு சொன்னதுன்னுதானே முழிக்கிற? பொரை எடுக்க அண்ணாநகர் அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல. வெங்கடசாமி டாக்டர் சர்க்கார் வேலையில ரிடையர் ஆகி, 1976-ல 11 கட்டிலோட ஆரம்பிச்ச எடம். மனுசனுக்கு மூட்டுவாதத்துல வெரலெல்லாம் கோணிப் போச்சு; அந்தக் கோணல் வெரலை வெச்சுக்கிட்டே கத்தி பிடிச்சவரு. பொரை எடுத்த பெறகு கொஞ்ச மாசம் கண்ணு வறண்டு உறுத்துறது சகஜம். எனக்கும் உறுத்துச்சு. சொட்டு மருந்து விட வந்த பிள்ளைகளை ஒண்ணொண்ணாத் துளைச்சு எடுத்துட்டேன். கிராமத்துப் பொண்ணுகதான், பொறுமையாச் சொல்லிக் குடுத்துச்சுக. நீயும் இருக்கியே, எதைக் கேட்டாலும் "கூகுள்ல பாரு"ங்கிற.

அதுக ஒரு கணக்குச் சொல்லுச்சுக. பொழுது சாயச் சாய உறுத்தல் ஏறுச்சுன்னா அது பகல் வேலையால வந்த வறட்சியா இருக்கும். எந்திரிக்கிறப்பவே உறுத்திட்டு, பல்லு வெளக்கிக் காப்பி குடிக்கிறதுக்குள்ள கொறைஞ்சா, ராத்திரியில ஏதோ நடக்குது. நீ ரெண்டாவது. சரியாச் சொன்னா ரெண்டும். உனக்கு எதுலயும் பேராசை.

மொதல்ல சாட்சி வேணும். நான் சொன்னா நம்ப மாட்ட. நீ நல்லாத் தூங்குனப்பெறகு உன் பொண்டாட்டியை மெல்ல செல்லு லைட்டை ஓரமா அடிச்சு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லு. மூஞ்சிக்கு நேரா அடிச்சா இறுக்கிக்குவ, குட்டு வெளிப்படாது. கல்யாணம் ஆனதுலருந்து அந்தப் பிள்ளை உன் மூஞ்சியை உத்துப் பாக்க நீ வாய்ப்பே குடுக்கலன்னு கேள்வி. இதுவாச்சும் ஒரு சாக்கு.

அடுத்தது காத்து. அந்த டேபிள் பேனை, யாருக்குன்னு வாங்கியாந்ததுங்கிறதைப் பெறகு பேசிக்கலாம், தலைமாட்டுல வெச்சு மூஞ்சிக்கு நேராத் திருப்பிவிட்டுட்டுப் படுக்குற. மூடாத கண்ணுல விடிய விடியக் காத்தடிச்சா ஈரம் எங்கடா நிக்கும்? ஏசியும் லேசுப்பட்டது இல்ல. ரூமுல இருக்குற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வெளிய சொட்டு சொட்டா விட்டுரும். காத்து மேல படாம தெசையைத் திருப்பு. உன் மாமன் கொறட்டைக்கு ஒரு மெசின் மாட்டிக்கிட்டுத் தூங்குறானே, அதுல மூக்குப் பக்கம் காத்து கசிஞ்சு கண்ணுக்குள்ள போனாலும் இதே கதிதான். அவனுக்கும் சொல்லி விடு. நான் சொன்னா "ஆத்தா, உனக்கென்ன தெரியும்"பான்.

பச்சிலை ஏதாச்சும் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருக்க போல. கிழவின்னா மடியில மூலிகையோட அலைவான்னு நெனப்பு. தும்பைச் சாறு, வெங்காயச் சாறு, தேனு, எதிர்வீட்டுப் பச்சைப் பிள்ளைக்காரிகிட்டத் தாய்ப்பாலு, எதையும் கண்ணுக்குள்ள விடாத. காஞ்சு கீறல் விழுந்த கண்ணுல கிருமி பூந்துச்சுன்னா கருவிழியில புண்ணு வெச்சிரும். நெல்லு உமி பட்டு, கரும்புத் தோகை கிழிச்சு, அதுல காளான் புடிச்சுப் பார்வை போன சம்சாரிகளை இந்தப் பக்கத்துல வேணும்ங்கிற அளவுக்குப் பாத்திருக்கேன். வெளக்கெண்ணெய் வேணும்னா உச்சந்தலையில வெச்சுக்க, யாரு கேக்கப் போறா. நந்தியாவட்டைப் பூவை நல்லாக் கழுவி மூடுன இமை மேல வெச்சுக்க, குளுகுளுன்னு இருக்கும். உனக்குத்தான் இமையே மூட மாட்டேங்குது, அதை எங்க வைக்கிறது?

கண்ணுக்குன்னே டியூப்ல களிம்பு இருக்கு. ராத்திரிக்கு அதுதான் சரி. சொட்டு மருந்து கொஞ்ச நேரத்துல வழிஞ்சு போயிரும், களிம்பு விடிய நிக்கும். கையைக் கழுவிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு, கீழ் இமையை லேசா இழுத்து, உள்பக்கம் ஒரு நெல்லு நீளத்துக்குப் பிதுக்கணும். டியூப் மூக்கு கண்ணுல படக் கூடாது. உடனே மூடி ரெண்டு உருட்டு உருட்டு. உதட்டுக்குத் தடவுற டப்பாவும் இதே சரக்குதானேன்னு அதைத் தோண்டி அப்பாத. கண்ணு களிம்பு கிருமி இல்லாமப் பக்குவம் பண்ணுனது. இதுல ஒரு சிக்கல் உண்டு. போட்டதும் எல்லாம் மங்கிரும், எழுத்துத் தெரியாது, செல்லு பாக்க முடியாது, படுத்துத் தூங்குறதைத் தவிர வேற வழியே இல்ல. இதைக் கண்டுபிடிச்சவன் யாரோ, உன் பொண்டாட்டிக்குத் தூரத்துச் சொந்தமா இருக்கணும்.

பகலுக்குக் கண்ணீர் சொட்டு. நாளைக்கு நாலு தடவைக்கு மேல விடுறதா இருந்தா, கெடாம இருக்கக் கலக்குற மருந்து இல்லாததாக் கேட்டு வாங்கு. அந்தக் கலப்படமே கண்ணை அரிச்சிரும். மெடிக்கல்ல போயி "செவப்பு போறதுக்கு ஏதாச்சும் குடு"ன்னு மட்டும் நிக்காத. அப்பதைக்கு வெள்ளையாகும், விட்டதும் முன்னைவிடச் செவக்கும். சில சொட்டு ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாம விட்டுக்கிட்டே இருந்தா கண் அழுத்தம் ஏறும், பொரை சீக்கிரம் விழும். பொரை விழுற வயசு எனக்குத்தான்டா, எதுக்கு முந்துற?

படுக்கப் போறதுக்கு முன்னாடி வெதுவெதுன்னு தண்ணியில துணியை முக்கிப் பிழிஞ்சு, மூடுன இமை மேல ஒரு அஞ்சு நிமிசத்துக்குக் கொறையாம வை. ஆறுனா மறுபடி முக்கு. அடைச்சுக் கிடக்குற எண்ணெய் இளகும். பெறகு மேல் இமையைக் கீழ் நோக்கி, கீழ் இமையை மேல் நோக்கி, வெரலால மெத்துனு நீவு. கசக்கக் கூடாது. உனக்குக் கசக்குறதுதான் கைவந்த கலை.

அந்த மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவை ஒளிச்சு வைக்காத, பாத்துட்டேன். உன் பொண்டாட்டி படிச்சுக் காட்டுனா. அமெரிக்காவுல 535 பேருக்கு ஒரு வருசம் குடுத்துச் சோதிச்சு, 2018-ல வெளிய சொன்னாகளாம்: மீன் எண்ணெய் சாப்பிட்டவுகளும், அதுக்குப் பதிலா வெறும் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவுகளும் ஒரே மாதிரிதான் தேறியிருக்காக. அந்தக் காசுக்கு அயிரை வாங்கியா. கண்ணுக்குப் பிரயோசனம் இருக்கோ இல்லியோ, எனக்கு இருக்கும்.

களிம்பு போட்டும் மூடலைன்னா, காகிதப் பிளாஸ்திரியால இமையை ஒட்டிக்கிட்டுத் தூங்குறவுக இருக்காக. கண்ணைச் சுத்தி ஈரத்தை நிறுத்துற கண்ணாடியும் இருக்கு. அதெல்லாம் டாக்டர் பாத்துச் சொல்லணும். நீயா ஒட்டிக்கிட்டு, ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சு மாட்டுல முட்டிக்கிட்டா எனக்குப் பேச்சு வரும். தூங்குறதுக்குப் போடுற துணிப் பட்டையும் கண்ணை அழுத்தி உரசாமக் குழிவா இருக்கணும். லென்ஸை மாட்டிக்கிட்டே படுக்குற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுரு.

காலையில முழிக்கிறப்ப சுருக்குன்னு பிச்சு எடுக்குற மாதிரி வலிச்சா, படக்குன்னு தொறக்காத. பிள்ளை நகம் எப்பவோ கீறுன இடம் ஆறாம இமையோட ஒட்டிக்கிட்டு வருது போல. மூடுனபடியே கண்ணை மெல்ல உருட்டி, ஒரு சொட்டு விட்டு, பெறகு தொற. ரெண்டாந்தடவை அப்படி வந்தா டாக்டரைப் பாரு. வெளிச்சம் கூசி, பார்வை மங்கி, கருவிழியில வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா அன்னைக்கே போகணும், சனிக்கிழமை லீவுக்குக் காத்திருக்கக் கூடாது. மூஞ்சி ஒரு பக்கம் கோணுனாலும் அப்படித்தான். வாயும் சேந்து வறண்டு மூட்டும் வலிச்சா அதையும் டாக்டர்கிட்டச் சொல்லு. மூட்டு வாதத்துக்கும் கண்ணு வறட்சிக்கும் பழைய சினேகம். தும்மலுக்கு நீ முழுங்குறியே ஒரு மாத்திரை, அதுவும் கண்ணைக் காய வைக்கும்.

சரி, எந்திரி. அந்த டேபிள் பேனைப் பிடுங்கியாந்து என் கால்மாட்டுல வை. நீதானே போன பொங்கலுக்கு "அப்பத்தாவுக்கு வாங்குனது"ன்னு ஊரு பூராச் சொன்ன. எனக்குக் கண்ணு இறுக்கி மூடும். மூணுல வை, ஒண்ணுல காத்து வரலை.