இடுப்பு காத்த பெருமக்கள்

ஊராட்சி நடத்துவது லேசான வேலையில்லை. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, குடிநீர் என்று ஆயிரம் பிடுங்கல். இத்தனைக்கும் நடுவே, குடிமகனின் ஜட்டி வெளியே தெரிகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே இருந்த அமெரிக்க நகர்மன்றங்களுக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடை போர்த்தவில்லை. அந்தக் குறையை என்னால் முடிந்தவரை தீர்க்கிறேன்.

அவர்களுடைய பொற்காலம் 2007-இல் தொடங்கியது. லூசியானா மாநிலத்தில் டெல்காம்பர் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை 2,000 சொச்சம், இறால் பிடிப்புக்குப் பேர்போன இடம். பேன்ட்டை இறக்கிவிட்டு உள்ளாடை தெரிய நடந்தால் 500 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று அந்த ஊர் சட்டம் போட்டது. ஒருவன் பெல்ட் கட்டிப் பழக ஆறு மாதம் ஆகலாம் என்று ஒதுக்கியிருக்கிறார்களே, அந்தப் பொறுமையைப் பாருங்கள். இந்தப் பாணியே சிறையிலிருந்து தெருவுக்கு வந்தது என்று சொல்வார்கள். கைதிக்குத் தொளதொள உடுப்பு கொடுப்பார்கள், பெல்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆக, பையன் எங்கே கற்ற பாடத்தை மறக்க வேண்டுமோ, அவனை அங்கேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு. இவ்வளவு நுட்பமான கல்விக் கொள்கையை வேறெங்கும் பார்க்க முடியாது.

கல்வியில் மட்டுமல்ல, கணிதத்திலும் அவர்கள் சூரர்கள். ஜார்ஜியாவின் ஆல்பனி நகரம் 2010-இலும், நியூ ஜெர்ஸியின் கடற்கரை ஊரான வைல்ட்வுட் 2013-இலும் இடுப்புக்குக் கீழே மூன்று அங்குலம் என்று எல்லை வகுத்தன. இரண்டரை அங்குலம் நாகரிகம், மூன்றரை அங்குலம் குற்றம். இதில் பரம்பரைப் பெருமையும் உண்டு. 1922-இல் வாஷிங்டன் நகரின் டைடல் பேசின் குளிக்கும் கரையில் அதிகாரி ஒருவர் மண்டியிட்டு, பெண்களின் நீச்சலுடைக்கும் முழங்காலுக்கும் இடையே டேப் பிடித்து அளக்கும் புகைப்படம் பிரசித்தம். ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பாட்டிகளை முழங்காலிலிருந்து மேலே அளந்தார்கள், பேரன்களை இடுப்பிலிருந்து கீழே அளந்தார்கள். இரண்டு அளவும் சந்திக்கும் இடத்திலேயே ஆட்சியாளர்களின் கவனம் நூறாண்டாக நிலைத்திருக்கிறது என்றால், அது தவம் அல்லாமல் வேறென்ன?

வருமானத்தையும் சொல்லியாக வேண்டும். ஆல்பனி நகரம் ஓராண்டுக்குள் 187 பேருக்குச் சீட்டு எழுதி 3,916 டாலர் வசூலித்தது. தலைக்கு 21 டாலர். சீட்டு எழுதிய போலீஸ்காரரின் நேரத்தையும் நீதிமன்ற எழுத்தரின் சம்பளத்தையும் இதில் கழித்துப் பார்ப்பது அற்பர்களின் வேலை.

மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரை இங்கே தனியாகக் கும்பிட வேண்டும். கார் தொழிற்சாலைகள் போய், வேலை போய், ஆளும் குறைந்துகொண்டிருந்த ஊர். 2008-இல் அங்கே போலீஸ் தலைவராக இருந்த டேவிட் டிக்ஸ், ஊரின் நோயை இடுப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பேன்ட் எவ்வளவு இறங்கியிருக்கிறது, உள்ளே தெரிவது துணியா தோலா என்று குற்றத்தைப் படிப்படியாகப் பிரித்தார். தண்டனை 93 நாளிலிருந்து ஓராண்டு வரை, அபராதம் 500 டாலர் வரை. இந்தக் கூர்மையில் ஒரு துளி, ஆறு ஆண்டு கழித்து, 2014-இல், மாநில அரசு அமர்த்திய நிர்வாகி ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் திறந்துவிட்டபோது பயன்பட்டிருக்கலாம். ஆனால் குழாய்களிலிருந்து அந்தத் தண்ணீரில் கரைந்த ஈயம் ஜட்டி மாதிரி தெருவில் பளிச்சென்று தெரிவதில்லையே. கண்ணுக்குத் தெரியாததைக் கவனிக்கவில்லை என்று ஆட்சியாளர்களைக் குறை சொல்வது நியாயமல்ல.

ஃபுளோரிடாவின் ஓபா-லாக்கா நகரமும் இதே குலம். 2007-இல் சட்டம், 2013-இல் அது பெண்களுக்கும் நீட்டிப்பு. ஆண்-பெண் சமத்துவத்தை இவ்வளவு அக்கறையாகக் கொண்டுவந்த நகர்மன்றம் அபூர்வம். பேன்ட் இறங்கிய இளைஞர்களின் படம் போட்டுத் தெருவில் எச்சரிக்கைப் பலகையும் நட்டார்கள். ஊரே இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பாக்கெட் பக்கம் யாருடைய கண்ணும் போகவில்லை. 2016-இல் எஃப்.பி.ஐ. நகர அலுவலகத்தில் சோதனை போட்டது, அதே ஆண்டு மாநில ஆளுநர் நகரத்துக்கு நிதி நெருக்கடி நிலை அறிவித்தார், பிறகு லஞ்ச வழக்கில் நகர்மன்ற உறுப்பினராக இருந்த ஒருவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். கஜானா கணுக்கால் வரை இறங்கிப் போனதற்கு எத்தனை அங்குலம் எல்லை என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. பேன்ட் சட்டம் மட்டும் 2020 வரை நின்றது.

இந்தச் சட்டங்களை, கறுப்பின இளைஞர்களைக் குறிவைத்த வெள்ளைக்காரர்களின் சதி என்று ஒரே வரியில் முடித்துவிடுவோரும் உண்டு. அது இந்தப் பெருமக்களின் புகழைக் குறைப்பதாகும். ஓபா-லாக்காவும், இதே சட்டம் போட்ட இன்னொரு ஃபுளோரிடா ஊரான ரிவியரா பீச்சும் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள். கையை உயர்த்தியவர்களில் பலர் அந்தப் பையன்களின் மாமன், பெரியப்பன் வயதுக்காரர்கள். நம் பிள்ளை இப்படித் திரிந்தால் ஊர் என்ன நினைக்கும் என்ற பெரியவர்களின் கூச்சத்தில் பொய் இல்லை. அந்தக் கூச்சத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துத் திட்டித் தீர்க்காமல், துப்பாக்கி மாட்டிய போலீஸ்காரரிடம் குத்தகைக்கு விட்டார்கள் பாருங்கள், அந்தத் தொலைநோக்கைத்தான் நான் மெச்சுகிறேன். 2008 தேர்தலுக்கு முன் ஒபாமாகூட, பையன்கள் பேன்ட்டைத் தூக்கிக் கட்டட்டும், ஆனால் இதற்கெல்லாம் சட்டம் போடுவது வெட்டி வேலை என்கிற பொருளில் சொன்னார். ஒரு நாட்டை ஆளப் போகிறவருக்கு ஒரு நகரத்தை ஆளும் சூட்சுமம் எப்படிப் புரியும்?

ரிவியரா பீச்சில் 2008-இல் வாக்கெடுப்பு நடத்தி, மக்களின் கையாலேயே இந்தச் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார்கள். சட்டப்படி 17 வயதுப் பையன் ஒருவன் ஓர் இரவு காவலில் கிடந்தான். பிறகு இது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஊரை ஒட்டிய தீவில் இருக்கிறது பாம் பீச், கோடீசுவரர்களின் குடியிருப்பு. ஆண்கள் சட்டையில்லாமல் தெருவில் ஓடிப் பயிற்சி செய்யக் கூடாது என்று அவர்களும் ஒரு காலத்தில் விதி வைத்திருந்தார்கள். வெற்று மார்போடு ஓடிய ஒருவர் வழக்குத் தொடுக்க, 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. பக்கத்து ஊர்த் தீர்ப்பு 20 ஆண்டாகக் கண்ணெதிரே கிடந்தும் அதைப் படித்துக் கலங்காத நெஞ்சுரம் எல்லாருக்கும் வாய்க்காது.

லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரம் 12 ஆண்டு இந்தச் சட்டத்தை வைத்திருந்தது. கைதானவர்கள் 700-க்கும் மேல், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். குழாய் பழுதுபார்க்கக் குனிகிறவர், தொப்பைக்குக் கீழே பேன்ட் நழுவும் பெரியவர், தாழ்வான ஜீன்ஸ் போட்ட கல்லூரிப் பெண் எல்லாரும் அந்த 12 ஆண்டும் இடுப்பில் கட்டுக்கோப்பாக இருந்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில், பேன்ட் இறங்கியிருந்த 31 வயதுக்காரர் ஒருவரைப் போலீஸ் நிறுத்தப் பார்த்தது. அவர் ஓடினார். அவர் கையிலும் துப்பாக்கி இருந்தது. போலீஸ் சுட்டது, அவர் இறந்தார். உயிரைக் குடித்த குண்டு அவரே சுட்டுக்கொண்டது என்றார் மரண விசாரணை அதிகாரி. பேச்சு அந்தக் குண்டில் போய் நின்றது. நிறுத்தியது எதற்கு என்று கேட்டால் இறங்கியிருந்த பேன்ட்டைக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதமே நகர்மன்றம் சட்டத்தை விலக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட இளைஞர் ஒருவரை இனி ஷ்ரீவ்போர்ட் தெருவில் நிறுத்த வேண்டுமானால் போலீஸார் கார் விளக்கு எரிகிறதா, நடைபாதையை விட்டு இறங்கினாரா என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணம் தேட வேண்டும். அவர்களுக்கு நேர்ந்த இந்த அலைச்சலைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை.