பி.எஃப். ஹாலும் ஜிமிக்கி ஜன்னலும்

மன்னார்குடிக்கு மதிலழகு என்று பேர். எங்கள் வீட்டுக்கு மதிலே கிடையாது. ராஜகோபாலசுவாமி கோயில் மதிலை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே எங்கள் தெருப்பக்கம் வருகிற உறவினர்கள், "காம்பவுண்டு எப்ப போடப்போறீங்க?" என்று கேட்கத் தவறுவதில்லை. அந்தக் கோயிலே ஒரே மூச்சில் கட்டியதல்ல. குலோத்துங்கன் காலத்தில் தொடங்கிய வேலையை விஜயராகவ நாயக்கர் காலம் வரை இழுத்திருக்கிறார்கள். நடுவில் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அவர்களிடம் யாரும் போய், "இன்னும் பூச்சு வேலை முடியலியா?" என்று கேட்டதாகக் கல்வெட்டு இல்லை.

நான் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறவன். மனை மூன்று சென்ட், அதாவது 1,300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். வீட்டுக்குப் போட்ட கணக்கு எட்டரைச் சதுரம். வங்கியில் கடன் வாங்கி ஆறே மாதத்தில் கட்டி முடித்துவிடலாமே என்று அறிவுரை சொன்னவர்கள் உண்டு. எங்கள் பாட்டனார் அப்படி ஒரு வீட்டைக் கடன் வாங்கிக் கட்டினார். நல்ல வீடு. இப்போது அதில் கடன் கொடுத்தவரின் பேரன் குடியிருக்கிறார். அதனால் எங்கள் கொள்கை எளிமையானது: காசு வந்தால் கட்டுவது, வராவிட்டால் கட்டியதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

சம்பளக்காரன் கையில் மொத்தமாகப் பணம் சேர நாலைந்து வழிகள்தான் இருக்கின்றன. பி.எஃப்., ஏலச்சீட்டு, தீபாவளி போனஸ், மனைவியின் நகை, மாமனார். கடைசி வழி என் விஷயத்தில் கல்யாணத்தன்றே அடைபட்டுவிட்டது. மற்ற நான்கும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு அறையாக ஆனது. அதனால் எங்கள் வீட்டில் கிழக்கு அறை, மேற்கு அறை என்றெல்லாம் கிடையாது. பி.எஃப். ஹால், சீட்டு அடுப்படி, போனஸ் பாத்ரூம் என்றுதான் பேர். பாத்திரம் கைதவறி விழுந்தால், "அய்யோ, சீட்டு மேடை கீறிடப்போகுது" என்றுதான் அலறல் வரும்.

ஹாலின் தெற்கு ஜன்னல் மட்டும் என் மனைவியின் தனிச்சொத்து. அவளுடைய ஜிமிக்கி அடகுக்கடைக்குப் போய் அங்கேயே மூழ்கி, தேக்குச் சட்டமும் கம்பியும் கண்ணாடியுமாக அவதாரம் எடுத்தது அந்த ஜன்னலில்தான். வெயில் காலத்தில் விருந்தாளிகள் அதன் எதிரே உட்கார்ந்து, "இங்க காத்து அருமையா வருதே" என்றால், "என் ஜிமிக்கிங்க அது" என்பாள். புரிந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். புரியாதவர்கள் அவள் காதைப் பார்ப்பார்கள்.

சிறுகக் கட்டுகிறவன் முதலில் படிக்க வேண்டியது எதை வாங்கி வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை. செங்கல் நல்ல பிள்ளை, அடுக்கி வைத்தால் பாசி பிடிக்குமே தவிர கெடாது. சிமென்ட் அப்படியல்ல. பலகை மேல் அடுக்கி, சுவரில் படாமல், பத்து மூட்டைக்கு மேல் உயரம் போகாமல் பொத்திப் பொத்தி வைத்தாலும் மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும் என்கிறார்கள். மூட்டை ஓரமெல்லாம் கட்டி தட்டிப்போகும். ஆகவே விலை குறைவாக இருக்கிறதே என்று சிமென்டைச் சேமிக்க முடியாது. சிமென்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டியே எங்கள் பூச்சு வேலை முழுவதும் நடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம் ஆனபோது எனக்கு வயிறு எரிந்தது. என் மனைவி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மதில் கட்டாம வச்சிருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தீங்களா" என்றாள்.

மணல் இன்னொரு ரகம். ஆற்று மணலுக்குக் கட்டுப்படி ஆகாமல் எம்-சாண்டுக்கு மாறி, ஒரு லோடு கொட்டி வைத்தோம். அன்றிரவே தெருவிலுள்ள பூனைகள் அத்தனைக்கும் தகவல் போய்விட்டது. பகலில் பிள்ளைகள் வந்தார்கள். எதிர்வீட்டு அக்கா, "அடுப்படில சின்னதா ஒரு பொத்தல், ஒரு சட்டி மட்டும் எடுத்துக்கறேன் தம்பி" என்று கேட்டு எடுத்தார். பொத்தல் எவ்வளவு பெரிதென்று நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வேலைக்குப் பணம் வருவதற்குள் மேடாக இருந்தது தெருவுக்குப் போர்வையாகியிருந்தது.

கம்பியில் மட்டும் எனக்கு ஒரு தனி சுகம் உண்டு, கணக்கன் அல்லவா. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளத்துக்குப் பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். கடைக்காரர் எடை போடும்போது நான் வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்டு, மந்திரவாதி வந்திருப்பதாக நினைத்தார். நாற்பதடிக் கம்பியை யூ மாதிரி மடக்கி மினி ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார்கள். அதை நிமிர்த்த ஒரு ஆள் கூலி. அந்தக் கூலிக்குச் சூத்திரம் இல்லை.

செங்கல் செலவைக் குறைக்க லாரி பேக்கர் வழியைக் கையிலெடுத்தேன். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியிருந்து, குறைந்த செலவில் வீடுகள் கட்டிக் கொடுத்த மகான். அவர் பரப்பிய முறைகளில் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் மூன்றங்குலம் வெற்றிடம் விட்டு அடுக்குவது. செங்கல் கால் பங்கு மிச்சம், உள்ளே வெயிலும் குறைவாக இறங்கும். படத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"பேரே எலிப்பொறிங்கறீங்க. வயல்ல இருக்கற எலி போதாதா சார், சுவத்துக்குள்ள வேற குடி வைக்கணுமா?"

"எலி போகாது மேஸ்திரி. பேருதான் அப்படி."

"அப்ப அந்த ஐயாவையே ஒருதரம் வந்து ஆரம்பிச்சு வைக்கச் சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு கத்துக்கறேன்."

அவர் 2007-லேயே காலமாகிவிட்டார் என்றேன். மேஸ்திரி உண்மையாகவே வருத்தப்பட்டார். "அப்ப நான் கட்டறதுதான்" என்று சொல்லிக் கரணையை எடுத்தார். ஒன்பதங்குலச் சுவர் கெட்டியாக எழும்பியது, செங்கல் ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

எங்கள் வீட்டின் வரலாறும் நாட்டின் வரலாறும் அடிக்கடி ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன. சீட்டை நான் எடுத்தது 2016 நவம்பரில், முதல் வாரம். தள்ளு போக வந்த பணம் அத்தனையும் ஐநூறு ரூபாய்த் தாள். எட்டாம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, அந்தத் தாள் இனிச் செல்லாது என்றார். பணத்தை வங்கியில் கட்டிவிட்டு எடுக்கப் போனால் வாரத்துக்கு 24,000 ரூபாய்தான் என்றார்கள். கட்டடம் கட்டிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் கொதித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு நிம்மதி. நான் பல வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த வேகத்துக்கு நாடே இறங்கி வந்துவிட்டது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரிய காண்ட்ராக்டர், "இதை வச்சுக்கிட்டு எப்படிக் கட்டறது?" என்று புலம்பினார். எப்படி என்று அவருக்கு விளக்கினேன். வரிசை நீளமாக இருந்ததால் அடுப்படி மேடை வரை சொல்ல முடிந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது எங்கள் சுவர்கள் லிண்டல் மட்டத்தில் நின்றன. மேலே பறப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றிச் சிரிப்பாக எழுத எனக்குக் கை வரவில்லை. தென்னையை நம்பி இருந்தவர்கள் கண்ணெதிரே தோப்புகள் படுத்துவிட்டன. அதன் பிறகு ஊரெல்லாம் கூரை வேலை. எங்கள் மேஸ்திரியை நான் பார்த்ததே அடுத்த வருஷம்தான். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஊறியிருக்கு" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எதையும் சிறுகச் சிறுகச் செய்யலாம் என்ற என் சித்தாந்தம் ஒரே ஒரு இடத்தில் செல்லாது. அது தளம். கொஞ்சம் கான்கிரீட் இந்தத் தீபாவளிக்கு, கொஞ்சம் அடுத்த தீபாவளிக்கு என்று போட முடியாது. பழைய கான்கிரீட்டும் புதுக் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் மழை தன் வழியைக் கண்டுபிடித்துவிடும். ஒரே நாளில் முடித்தாக வேண்டும். கலவை மிஷின், வைப்ரேட்டர், இருபது ஆள், எல்லாருக்கும் சாப்பாடு. அன்றைக்கு எங்கள் பாட்டனார் ஆவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாலு பேரிடம் கைமாற்று வாங்கினேன். காலையில் மிஷின் சத்தம் கேட்டதும் அந்த நாலு பேரும் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்துவிட்டார்கள். பந்தியிலும் உட்கார்ந்தார்கள். அவர்கள் கொடுத்ததில் ஒரு பகுதியை அன்றே சாம்பாராகத் திருப்பிக் கொடுத்தேன்.

தளம் போட்டபின் தண்ணீர் கட்ட வேண்டும். மாடி முழுக்கக் கலவையால் சின்னச் சின்ன வரப்பு எழுப்பி, பாத்தியாக்கி, தண்ணீர் நிறுத்துவார்கள். கான்கிரீட் முழு வலுவை எட்ட 28 நாள் என்பது கணக்கு. பத்துப் பதினைந்து நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பார்க்க என் மாமனார் ஏணி வழியாக மேலே ஏறினார். ஆயுள் முழுக்க நாற்றங்காலைப் பார்த்த மனிதர். இடுப்பில் கைவைத்து நாலு பக்கமும் நோட்டம் விட்டார்.

"மாப்ளே, இது குறுவையா, சம்பாவா?"

அந்த வருஷம் காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வருமுன் என் மாடிக்கு வந்துவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான்.

கொரோனா வந்தது, வேலை நின்றது, வாடகை மட்டும் நிற்கவில்லை. 2021-ல், கதவு ஜன்னல் எல்லாம் முடிந்துதான் குடிபோவது என்ற வீம்பைக் கைவிட்டுப் பால் காய்ச்சினோம். அப்போது போனஸ் பாத்ரூமுக்குக் கதவு இல்லை. அந்த வருஷப் போனஸ் கதவு வரை எட்டவில்லை. என் மச்சான் மகளின் காதணி விழா ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று பரணில் இருந்தது. கனமான ஃப்ளெக்ஸ், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அதையே வாசலில் தொங்கவிட்டோம். மடிப்புக் கணக்குப் பார்த்து ஆணி அடித்ததில், மச்சான் கைகூப்பி "வருக வருக" என்று வரவேற்கும் பாகம் சரியாக வெளிப்பக்கம் அமைந்துவிட்டது. உள்ளே போகிறவர்கள் அவருக்குப் பதில் வணக்கம் சொல்லாமல் போனால் மரியாதைக் குறைவு என்று என் பையன் ஒரு சட்டம் கொண்டுவந்தான்.

கிரகப்பிரவேசத்துக்கு மச்சானே நேரில் வந்தார். அவசரமாகத்தான் போனார். திரும்பி வந்து ஹாலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "போட்டோ நல்லா விழுந்திருக்கு மச்சான்" என்றார். அடுத்த மாதமே அவர் செலவில் ஒரு பி.வி.சி. கதவு வந்து இறங்கியது. மாமனார் வழி அடைபட்டால் என்ன, மச்சான் வழி இருக்கிறதே.

பாதி வீட்டில் குடிபோவது எங்களோடு தொடங்கியதல்ல. சிலி நாட்டில் இகீகே என்ற ஊரில், அரசாங்கம் கொடுத்த பணம் முழு வீட்டுக்குப் போதாது என்றபோது, அலெகாந்த்ரோ அரவேனா என்ற கட்டடக்கலைஞரின் குழுவினர் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதி வீட்டை மட்டும் கட்டிக் கொடுத்தார்கள். அடுப்படி, குளியலறை, மாடிப்படி, உறுதியான சுவர் என்று ஏழையால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாதவையெல்லாம் அந்தப் பாதியில். பக்கத்திலேயே காலி இடம் விட்டு, மிச்சத்தைக் காசு வரும்போது நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். 2004-ல் நடந்தது. 2016-ல் அரவேனாவுக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. இதை மேஸ்திரிக்குச் சொன்னேன். "பாதி வீட்டுக்கா பரிசு? நம்ம கையில அப்படி எத்தனை வீடு சார் நிக்குது!" என்றார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் எந்த ஊர் மொட்டைமாடியில் நின்று பார்த்தாலும் பரிசுக்குரிய வீடுகள்தான் கண்ணுக்கெட்டிய வரை தெரிகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அடுத்த மாடிக்காக.

எங்கள் மாடியிலும் இரண்டரை அடி விட்டிருக்கிறோம். துரு ஏறாமல் சிமென்ட் பால் அடித்தது. அதற்கிடையில் கொடி கட்டித் துணி காய்கிறது. ஒரு கம்பியில் திருஷ்டி பொம்மை. வேலை முடிகிறவரை கழற்றக் கூடாது என்பதால் அது கூடவே இருக்கிறது. அதன் சட்டை இரண்டு தடவை கிழிந்து, இப்போது என் பழைய ஆலைச் சீருடையைப் போட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிற ஆலை நண்பர்கள், ஞாயிற்றுக்கிழமையும் நான் மாடியில் நின்று வேலை பார்ப்பதாக நினைக்கிறார்கள்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீட்டுப் பட்டியல் எடுக்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்ததும் வீட்டில் ஒரு சிக்கல் முளைத்தது. தரை பெரும்பாலும் எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்று தனித்தனியாகக் கேட்பார்களாம். எங்கள் ஹாலில் டைல்ஸ். அறையில் சிவப்பு ஆக்சைடு. அடுப்படியில் கடப்பாக்கல். பின்கட்டில் வெறும் சிமென்ட். போனஸ் வந்த வருஷத்தைப் பொறுத்துத் தரை மாறும்.

"பெரும்பாலும்னா எதைச் சொல்றது?" என்று பையன் காலடி வைத்து அளக்க ஆரம்பித்தான்.

"நீ ஒண்ணும் அளக்க வேணாம்" என்றாள் அவன் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வர்றவங்களை ஜிமிக்கி ஜன்னல்கிட்ட உக்கார வைங்க. ஹால் தரையை மட்டும் காட்டுங்க. மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அந்தக் கம்பியைப் பாத்தா அடுத்த மாடி எப்பன்னு அவங்களும் கேப்பாங்க."