பத்துக் காய் பார்த்தால் போதாதா?

கணக்கில் நிரூபணம் எழுதுவது பற்றி மட்டும் இந்த முறை கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். போடியிலிருந்தும் மலையடிவார ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சில:

கே: தேல்ஸ் தேற்றத்தை ஒரு வரி பிசகாமல் எழுதிவிடுவேன் சார். ஆனால் ஏபிசி முக்கோணத்தைப் பிகியூஆர் என்று மாற்றிக் கொடுத்தால் கை நின்றுவிடுகிறது. என்ன செய்ய?
(பத்தாம் வகுப்பு மாணவி, சிலமலை)

ப: முக்கோணம் பேரை மாற்றிக்கொண்டதே தவிர குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, பாப்பா. நோட்டை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார். உள்ளே வரைந்த கோடு அடிப்பக்கத்துக்கு இணை என்று கொடுத்திருக்கிறார்களே, அந்தத் தகவல் எந்த வரியில் வேலைக்கு வருகிறது? ஒத்த கோணங்கள் சமம் என்கிற வரியில். கோணங்கள் சமமானதால் சின்ன முக்கோணமும் பெரிய முக்கோணமும் வடிவொத்தவை ஆகின்றன. வடிவொத்தவை ஆனதால் பக்கங்கள் ஒரே விகிதத்துக்கு வருகின்றன. பெரிய பக்கம் ஒவ்வொன்றையும் இரண்டு துண்டுகளின் கூட்டலாக எழுதி, இரு புறமும் ஒன்றைக் கழித்தால் தேற்றம் கையில். கோடு இணையாக இல்லாவிட்டால் முதல் படியிலேயே கால் வைக்க முடியாது. எது எங்கே உதவியது என்று தெரிந்துகொண்டவளுக்கு முக்கோணத்தின் பெயர் ஒரு பொருட்டே இல்லை.

'கொடுக்கப்பட்டவை' என்று பாடநூல் தலைப்புப் போடுவதும் இதற்காகத்தான். எழுதி முடித்ததும் அந்தத் தலைப்புக்குக் கீழே உள்ள ஒவ்வொன்றையும் எங்கே பயன்படுத்தினாய் என்று விரல் வைத்துத் தேடு. ஒன்று பயன்படாமல் கிடந்தால், நீ எங்கோ ஒரு படியைத் தாண்டிக் குதித்திருக்கிறாய். அல்லது அந்தத் தகவல் இல்லாமலே தேற்றம் நிற்கிறது. இரண்டாவது என்றால் உன் டீச்சரிடம் ஓடிப் போய்ச் சொல். பெரிய விஷயம் அது.

கே: சாம்பிளில் பத்துக் காயைக் கையில் வாங்கிப் பார்த்தே மொத்த லாட்டுக்கும் விலை சொல்கிறோம். தலைமுறையாகத் தொழில் ஓடுகிறது. என் மகன் பத்து உதாரணம் போட்டுக் காட்டினால் மட்டும் 'இது நிரூபணம் இல்லை' என்கிறார்களாம். ஏன் இந்தப் பிடிவாதம்?
(ஏலக்காய் வியாபாரி, போடி)

ப: அண்ணே, நிறம், பருமன், எடை மூன்றையும் ஒரே பார்வையில் அளக்கிற கண் உங்களுடையது. அதற்கு என் மரியாதை. ஆனால் ஒரு லாட்டில் இருப்பவை ஒரே தோட்டத்தில் விளைந்து, ஒரே ஸ்டோரில் காய்ந்த காய்கள். பத்துக் காய் மற்ற காய்களுக்காகப் பேசும். எண்களுக்கு அப்படி ஒரு தோட்டமும் இல்லை, மூட்டைக்கு அடியும் இல்லை.

கணித அறிஞர் ஆய்லர் காட்டிய கணக்கு ஒன்று. ஓர் எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 என்றால் 41, 1 என்றால் 43, 2 என்றால் 47, 3 என்றால் 53. எல்லாமே பகா எண்கள். பத்து வரை பாருங்கள், இருபது வரை பாருங்கள், 39 வரை பாருங்கள், பகா எண்ணே வரும். 40-ஐப் போட்டால் 1681. அது 41 × 41. நாற்பது சாம்பிளும் சுத்தம், நாற்பத்தொன்றாவது சொத்தை.

நமக்கு நெருக்கமான ஒருவர் கையிலிருந்து இன்னொன்று. நம் மலைத் தொடரின் தெற்கே, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ல் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி உலகத் தரத்தில் எண் கணிதம் செய்தவர். எந்த இயல் எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம், அதற்குக் குறைந்தால் எல்லா எண்ணுக்கும் போதாது என்று நிறுவியவர். அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு கேள்வி பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். அடுத்தடுத்த எண்களை வரிசையாக எடுத்தால், மற்ற எந்த எண்ணோடும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணியே இல்லாத எண் ஒன்றாவது அந்த வரிசையில் இருக்குமா? 8, 9, 10 என்றால் 9 இருக்கிறது. பதினாறு எண்கள் வரை எங்கே தொடங்கினாலும் அப்படி ஒன்று இருந்தே தீரும் என்று அவர் நிரூபித்தார். பதினேழில் உடைகிறது.

2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். 2197 ஆள் தனியாகத் தெரிகிறது, 13-ஐ மூன்று முறை பெருக்கி வந்தது. ஆனால் அந்தக் கோடியில் நிற்கும் 2184-ம் 13-ஆல் வகுபடும். 2189 என்பது 11 × 199. இந்தக் கோடியில் 2200-க்குள்ளும் 11 இருக்கிறது. 2191-ல் 7, 2184-லும் 7. 2187-ல் இருப்பது 3 மட்டும், 3-ன் மடங்குகள் பக்கத்திலேயே நிற்கின்றன. பதினேழு பேரில் ஒருவரும் தப்பவில்லை! பதினேழுக்குப் பொய் என்று காட்ட இந்த ஒரு வரிசை போதும். பதினாறுக்கு மெய் என்று காட்டக் கோடி வரிசை போட்டாலும் போதாது, நிரூபணம்தான் வேண்டும். உங்கள் மகனின் ஆசிரியர் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

பிள்ளை 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். ராமானுஜனுக்கு நாம் தரும் இடத்தில் ஒரு பங்கையாவது நம் பாடநூல்கள் இவருக்கும் தர வேண்டும்.

கே: 'நிரூபி' என்று கேட்டாலே முதல் வரி வரமாட்டேன் என்கிறது. எங்கே ஆரம்பிப்பது?
(கல்லூரி முதலாண்டு மாணவர், மேலச்சொக்கநாதபுரம்)

ப: ரஃப் தாளில். ஃபேர் நோட்டில் ஆரம்பிப்பதுதான் பாதிப் பேருக்கு வியாதி. ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்று நிரூபிக்க வேண்டும் என்று வை. முதலில் ரஃப்பாக 1, 9, 25, 49, 81 என்று போட்டுப் பார். எல்லாவற்றிலும் மீதி 1. சரி, கூற்றில் உயிர் இருக்கிறது. இது உன் தைரியத்துக்கு மட்டும்; விடைத்தாளில் இதை வைத்து நிரூபித்ததாகச் சொல்லக் கூடாது.

அடுத்து, 'ஒற்றை எண்' என்ற பெயரைப் பிரித்து வரையறையை எழுது: 2க + 1, இதில் க ஒரு முழு எண். இதுதான் நீ தேடிய முதல் வரி. தெரியாத கணக்குகளில் பாதிக்கு மேல் இப்படி வரையறையை எழுதியதுமே வாய் திறக்கும். வர்க்கப்படுத்தினால் 4க² + 4க + 1. அதாவது 4க(க + 1) + 1. இந்த இடத்தில்தான் பலர் பேனாவை மூடிவிடுவார்கள், ஏனென்றால் வேண்டியது 8, கையில் இருப்பது 4. மூடாதே. க, க + 1 இரண்டும் அடுத்தடுத்த எண்கள், அவற்றில் ஒன்று கட்டாயம் இரட்டை. ஆகவே அவற்றின் பெருக்கல் இரட்டை. நாலு மடங்கு இரட்டை எண் 8-ன் மடங்கு. மீதி 1. முடிந்தது.

இப்போது ஃபேர் நோட்டை எடு. தடுமாறியது, திரும்பி வந்தது எதையும் எழுத வேண்டாம். ஆனால் 'அவற்றில் ஒன்று கட்டாயம் இரட்டை' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதே. உனக்குப் பொறி தட்டிய இடம்தான் படிக்கிறவருக்குத் தடுக்கி விழுகிற இடமாக இருக்கும்.

கே: விடை சரியாக வந்தும் என் மகளுக்கு ஸ்டெப் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். விடைதானே முக்கியம்?
(பெற்றோர், தேனி)

ப: 16-க்குக் கீழே 64 என்று பின்னமாக எழுதுங்கள். மேலே உள்ள 6-ஐயும் கீழே உள்ள 6-ஐயும் அடித்துவிட்டால் 1-க்குக் கீழே 4, அதாவது கால். விடை நூற்றுக்கு நூறு சரி! அதே கையோடு 13-க்குக் கீழே 34 என்று எழுதி 3-களை அடித்துப் பாருங்கள். அங்கேயும் கால் என்று வரும், அது சுத்தத் தப்பு. ஸ்டெப் மார்க் விடைக்கு அல்ல, வழிக்கு. பாப்பாவின் விடைத்தாளை வாங்கி, மார்க் குறைந்த வரியில் அவள் என்ன நினைத்தாள் என்று கேளுங்கள். சரியாக நினைத்து எழுதாமல் விட்டிருந்தால் எழுதப் பழகட்டும்.

கே: விடியக்காலம் ஜீப்பில் மேலே தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாய வருகிறேன். வந்து பார்த்தால் மகன் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி நேரமாகப் பேனா அசையவில்லை. படிக்கிறானா, தூங்குகிறானா?
(ஒரு தாய், குரங்கணி சாலை)

ப: படிக்கிறான் தாயி. நல்ல பிள்ளை, அவனை அதட்டாதீர்கள். ஒரு கணக்கோடு ஒரு மணி நேரம் உட்கார முடிகிற பிள்ளை கிடைப்பது அரிது. ஆனால் நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். சோறு போடும்போது, 'இன்றைக்கு என்ன கணக்கு, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் 'அது ஏன் அப்படி?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவன் பதில் சொன்னதும் திரும்பவும் ஏன் என்று கேளுங்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. 'அது அப்படித்தான்மா' என்று அவன் சொல்லும் இடம் அவனுக்கே தெரியாத இடம். அங்கே அவன் திரும்ப நோட்டை எடுப்பான். இந்த வேலைக்குத்தான் ஊரில் டியூஷன் காசு வாங்குகிறார்கள்.

கே: தொகுத்தறிதலில் 'க-வுக்கு உண்மை என்று கொள்வோம்' என்கிறார்கள். நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று எடுத்துக்கொண்டால் அது ஏமாற்று வேலை இல்லையா?
(பதினொன்றாம் வகுப்பு மாணவர், தேவாரம்)

ப: தம்பி, இந்தச் சந்தேகம் வராமல் தொகுத்தறிதலை எழுதுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. உனக்கு வந்துவிட்டது, நல்லது. அந்த வரியில் நீ 'எல்லா எண்ணுக்கும் உண்மை' என்று சொல்லவில்லை. 'ஏதோ ஒரு க-வுக்கு உண்மையாக இருந்தால், அடுத்த எண்ணுக்கும் உண்மையாகும்' என்ற பாலத்தை மட்டும் கட்டுகிறாய். முதல் க ஒற்றை எண்களைக் கூட்டினால் க² என்று வைத்துக்கொள். அடுத்த ஒற்றை எண் 2க + 1. கூட்டினால் க² + 2க + 1, அதாவது (க + 1)². பாலம் ரெடி. ஆனால் அதில் ஏற ஓர் இடம் வேண்டும். 1 என்பது 1², அதுதான் அந்த இடம்.

அந்த முதல் படியை அலட்சியமாக ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களுக்கு இதைக் காட்டு. 'எந்த எண்ணும் தன் அடுத்த எண்ணுக்குச் சமம்' என்பது கூற்று. க = க + 1 என்று கொள்வோம். இரு புறமும் 1 கூட்டினால் க + 1 = க + 2. அடுத்த எண்ணுக்கும் வந்துவிட்டது. பாலத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. ஏறத்தான் இடமில்லை, 1 ஒருநாளும் 2 ஆகாது.

கே: ராமானுஜன் நிரூபணம் எழுதியா மேதை ஆனார்?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், போடி)

ப: பாதிக் கதையைத்தான் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் பள்ளிப் பருவத்தில் அவர் கைக்குக் கிடைத்தது கார் என்பவரின் தொகுப்பு நூல். சுமார் ஐயாயிரம் முடிவுகள், நிரூபணம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அவருடைய நோட்டுப் புத்தகங்களும் அதே மாதிரி அமைந்தன. 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்துக்குக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி பதில் போட்டபோது கேட்டதே நிரூபணங்களைத்தான். காரணம் இருந்தது. பிரமிக்க வைத்த முடிவுகளுக்கு நடுவே, பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் நம்பியிருந்த ஒன்று தவறாகப் போயிற்று. அவ்வளவு பெரிய உள்ளுணர்வுக்கே பகா எண்கள் தண்ணி காட்டியிருக்கின்றன என்றால் நாம் எம்மாத்திரம்?

கேம்பிரிட்ஜ் போனபின் காரணிகள் மிகுந்த எண்கள் பற்றி 1915-ல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையைப் பாருங்கள், நிரூபணங்களோடுதான் இருக்கிறது. அவர் விட்டுச்சென்ற நோட்டுகளுக்கு நிரூபணம் எழுதித் தொகுத்த கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட்டின் ஐந்து தொகுதிகள் வெளிவந்து முடிந்தது 1998-ல். ஒருவர் எழுதாமல் விட்டதை எழுதி முடிக்க இத்தனை ஆண்டுகள்!

கே: நிரூபணம் முடிந்ததும் கல்லூரிப் புத்தகங்களில் ஒரு குட்டிச் சதுரம் போடுகிறார்களே, எதற்கு?
(பட்டப்படிப்பு மாணவி, ராசிங்காபுரம்)

ப: முடிந்தது என்பதற்கு. பத்திரிகைகளில் கட்டுரை முடிகிற இடத்தில் போடும் குறியைப் பார்த்துப் பால் ஹால்மோஸ் என்ற கணித அறிஞர் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். சதுரம் போடும் முன் ஒரு தடவை மேலிருந்து வாசித்துவிடம்மா.

கே: வகுப்பில் பிள்ளைகள் நிறைய, பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதில் நிரூபணம் எழுதப் பழக்குவது எப்படி?
(கணித ஆசிரியை, போடி வட்டாரம்)

ப: உங்கள் சிரமம் புரிகிறது டீச்சர். வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் பாடநூலில் இல்லாத குட்டிக் கூற்றாக இருக்கட்டும், கைடில் தேடினால் கிடைக்கக் கூடாது. எல்லா நோட்டையும் நீங்களே திருத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளை தனக்குப் புரியாத முதல் வரிக்கு அடியில் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். சரி, தப்பு என்று எழுதக் கூடாது. கோடு விழுந்த வரியை எழுதியவன் வாயால் விளக்க வேண்டும், பிறகு அந்த விளக்கத்தை எழுத்தில் சேர்க்க வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளைகளை, 1965 முதல் இயங்கிவரும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறிப் போட்டிகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

முதல் வாரத்துக்கு, மேலே சொன்ன எஸ். எஸ். பிள்ளையின் கேள்வியையே சிறிதாக்கித் தருகிறேன். அடுத்தடுத்த மூன்று எண்களில் நடு எண்ணுக்கு மற்ற இரண்டோடும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. இதைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார்கள். நான்கு எண்கள் என்றால், நடுவில் உள்ள இரண்டில் ஒற்றை எண்ணாக இருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஐந்தை நீங்கள் கேட்க வேண்டாம். எழுதி முடித்ததும் அவர்களே கேட்பார்கள்.